வடகிழக்கு மழையில் பழுக்கும் காப்பி

மதுரைச் சமவெளியின் வட விளிம்பில் இரண்டு மலைகளில் காப்பி விளைகிறது. ஒன்று வாடிப்பட்டிக்கு நேர் வடக்கே எழும் சிறுமலை. அதன் தென் சரிவு இறங்கிவரும் இடத்தில்தான் குட்லாடம்பட்டி அருவி இருக்கிறது. மற்றொன்று வடமேற்கே, வத்தலக்குண்டுக்கு அப்பால் கொடைக்கானலுக்குக் கீழ்ப்படியாகக் கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கீழ்ப்பழனி மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மணலூர், தடியன்குடிசை, ஆடலூர், பாச்சலூர் என்று அங்குள்ள ஊர்கள் பலவற்றில் காப்பியே முதல் பயிர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம் அராபிகா வகைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் விளையும் அராபிகாவில் பெரும்பங்கு கீழ்ப்பழனியைச் சேர்ந்ததுதான்.

இந்தியக் காப்பி என்றதும் குடகும் சிக்கமகளூரும் நினைவுக்கு வருவது இயல்பு. நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதி கர்நாடகத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்த மலைகளின் காப்பிக்கும் மதுரைப் பக்கத்துக் காப்பிக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. குடகில் தென்மேற்குப் பருவமழை ஆனி முதல் ஆவணி வரை கொட்டித் தீர்த்துவிடும். அப்போது செடியில் இருப்பது பச்சைக் காய். அது பழுக்கும் மார்கழியில் வானம் வெளுத்து, களத்தில் நல்ல வெயில் அடிக்கும். கீழ்ப்பழனியும் சிறுமலையும் தென்மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. அவற்றுக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது. பழம் சிவக்கத் தொடங்கும் மாதங்களும் அவையே. பறிப்பும் மழையும் ஒன்றாக வந்து சேர்வதால் இங்கே உழைப்பின் முறை, பதப்படுத்தும் முறை, தோட்டத்தின் அளவு எல்லாமே வேறாக அமைந்தன. இந்தப் பகுதிக் காப்பியின் வரலாற்றை அதன் மழையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். அதைப் பயிராக்கி உலகுக்கு விற்றவர்கள் ஏமன் நாட்டார். 17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற சூஃபித் துறவி மெக்காவிலிருந்து திரும்பும்போது ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது மைசூர் மரபு. பெருந்தோட்டமாக அது பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். தமிழ் நிலத்தில் முதல் அடி சேர்வராயன் மலையில் விழுந்தது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பி நட்டார். அங்கிருந்து நீலகிரி, வயநாடு என்று பரவி, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மதுரை மாவட்ட மலைகளிலும் தோட்டங்கள் எழுந்தன.

கீழ்ப்பழனிக்கு அதற்கு முன்பே நீண்ட வேளாண் வரலாறு இருந்தது. கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடிப் பாளையங்களின் ஆட்சியில் இருந்த மலையூர்களில் மக்கள் வாழையும் ஏலமும் மிளகும் பயிரிட்டார்கள். தாண்டிக்குடிப் பக்கம் காணப்படும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் அங்கே மனிதர் குடியிருந்த காலத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோகின்றன. காப்பி வந்தபோது அது வெற்றுக் காட்டில் இறங்கவில்லை. ஏற்கெனவே மலைவாழை நின்ற நிலத்தில், அதன் நிழலிலேயே வேரூன்றியது. ஏலக்காயும் மிளகும் சந்தைக்குப் போன ஒற்றையடிப் பாதைகளில்தான் காப்பி மூட்டையும் இறங்கியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் ஐரோப்பியர் கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே பயிராக மாறியதைப் போன்ற காட்சி இங்கே பெரிதாக உருவாகவில்லை. ஐரோப்பியத் தோட்டங்கள் இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றிலும் உள்ளூர்க் குடியானவர்களின் சிறு தோட்டங்களும் வளர்ந்தன.

மதுரைச் சமவெளி மக்களுக்குக் காப்பி வேலை முதலில் அறிமுகமானது இந்த மலைகளில் அல்ல, இலங்கையில். 1830களுக்குப் பிறகு கண்டி மலைநாட்டில் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். பறிப்புக்கு ஆள் வேண்டியிருந்தது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். முன்பணம் வாங்கியவர்கள் கூட்டமாக ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியில் கடலைக் கடந்து மன்னார்க் கரை சேர்ந்து, மறுபடி காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கிணறு வற்றிய அந்த வழியில் காலராவாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் இறந்தவர்களுக்கு முறையான கணக்கே இல்லை. காப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படாது. பழம் எடுக்கும் சில மாதங்களுக்குத்தான் பெருங்கூட்டம் வேண்டும். அதனால் போனவர்களில் பலர் பருவம் முடிந்ததும் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு மழை பொய்த்தால் மறுபடி போனார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்தப் போக்கைப் பெருவெள்ளமாக்கியது.

அந்தக் காப்பிப் பேரரசு ஒரு பூஞ்சையால் சரிந்தது. 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. இலைத்துரு நோய் அது. ஓரிரு ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆய்ந்த ஹாரி மார்ஷல் வார்டு, பூஞ்சையின் வித்துத்தூள் காற்றில் பறந்து பரவுவதையும், மரமே இல்லாமல் மலைக்கு மலை தொடர்ந்த ஒரே பயிர் அதற்கு வழிவிட்டதையும் எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இலங்கை தேயிலைக்கு மாறியது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். பருவத்துக்குப் போய்வந்த தமிழர்கள் அதன்பின் லயங்கள் என்ற தோட்ட வரிசை வீடுகளில் நிலையாகக் குடியேறினார்கள். மலையகத் தமிழரின் நிலையான குடியேற்றத்துக்குப் பின்னால், காப்பியும் தேயிலையும் கேட்ட வேலையின் இந்த வேறுபாடு இருக்கிறது.

இந்தியத் தோட்டங்களுக்குத் துருநோய்க்கு முன்பே வேறொரு அடி விழுந்திருந்தது. 1860களில் குடகிலும் மைசூரிலும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பல்லாயிரம் செடிகளைக் கொன்றது. இதை ஆராய அனுப்பப்பட்ட சென்னை மாகாண மருத்துவர் ஜார்ஜ் பீடி 1869இல் தம் அறிக்கையை வெளியிட்டார். வெட்டவெளியில் நின்ற செடிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன என்று கண்டு, நிழல்மரம் வளர்க்கச் சொன்னார். இந்த வண்டு வெயில் படும் தண்டைத் தேடி முட்டையிடும் இனம். நிழலில் காப்பி வளர்ப்பது இந்தியாவின் தனி அடையாளமானதற்கு அந்த அழிவு கற்றுக்கொடுத்த பாடம் ஒரு முக்கியக் காரணம். மலைவாழையோடும் காட்டு மரங்களோடும் காப்பியைக் கலந்து வைத்திருந்த கீழ்ப்பழனிக் குடியானவர்கள் அறிக்கை படித்து அப்படிச் செய்தவர்கள் அல்லர். வாழைத்தாரும் மிளகும் ஆரஞ்சும் அவர்களுக்குக் காப்பிக்கு நிகரான வருமானம். அதனால் மரத்தை வெட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்த மலைகளில் காப்பியின் ஆண்டு மாசி மாதத்தில் தொடங்குகிறது என்று கொள்ளலாம். பறிப்பு முடிந்து தோட்டம் ஓய்ந்திருக்கும். செடியின் கணுக்களில் பச்சை மொட்டுகள் சிறு கதிராகத் திரண்டு, அப்படியே வளராமல் நிற்கும். நிலம் காய வேண்டும். செடி வாடுவதுபோல ஆக வேண்டும். அந்த வாட்டம் இல்லாவிட்டால் மொட்டு ஒரே சமயத்தில் விழித்தெழாது. பிறகு மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ ஒரு மழை பெய்ய வேண்டும். தோட்டக்காரர்கள் அதைப் பூமழை என்பார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். மழை பெய்த ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் விடியலில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருக்கும். மல்லிகையை ஒத்த மணம் சாலை வரை வரும். மூன்று நான்கு நாளில் பூ வாடி உதிர்ந்துவிடும்.

அந்த ஒரு மழையின் அளவும் நாளும் ஓர் ஆண்டின் வருமானத்தை முடிவு செய்தன. தூறலோடு நின்றால் மொட்டு பாதி விரிந்து, இதழ் தடித்து, நட்சத்திரம்போல் நின்று கருகும். பூ விரிந்த நாளிலேயே கனமழை அடித்தால் மகரந்தம் கழுவப்பட்டுப் போகும். பூத்த பின் சில வாரங்களுக்குள் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் வகை. ஆகவே தேனீ குறைவாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். மழை தவறினால் சமாளிக்காது. கீழ்ப்பழனியில் கோடை மழை ஒரே வீச்சில் வருவதில்லை. இடி இடித்து ஒரு சரிவில் பெய்யும், பக்கத்துச் சரிவு காய்ந்து கிடக்கும். ஒரு தோட்டத்திலேயே இரண்டு மூன்று தவணையாகப் பூ எடுப்பதும் உண்டு. அதன் விளைவு எட்டு மாதம் கழித்துத் தெரியும். ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் கலந்து நிற்கும்.

வைகாசி, ஆனியில் காய் குண்டூசித் தலை அளவிலேயே நிற்கும். இது செடியைவிட மண்ணையும் மரத்தையும் கவனிக்கும் காலம். களை வெட்டுவார்கள். செடிகளுக்கு நடுவே குழியெடுத்து, ஓடிவரும் மழைநீரும் சருகும் அதில் தங்கும்படி செய்வார்கள். நிழல்மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பார்கள். கல்யாண முருங்கை, பலா, அத்தி வகைகள், பிற்காலத்தில் சில்வர் ஓக் ஆகியவை இங்கே நிழல்மரங்கள். மழை மாதங்களில் வெளிச்சம் உள்ளே விழ வேண்டும். தை மாதத்துக்குள் தழை மீண்டும் அடர்ந்து கோடை வெயிலைத் தடுக்க வேண்டும். கழிப்பதற்குரிய வாரத்தைத் தவறவிட்டால் இரண்டும் நடக்காது. மரம் ஏறிக் கிளை கழிப்பது ஆபத்தான வேலை. அதில் தேர்ந்தவர்கள் எப்போதுமே குறைவாகத்தான் இருந்தார்கள்.

துருநோய்க்கு மருந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1885இல் அங்கே கண்டறியப்பட்ட போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. காப்பிக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர் என்பது இன்றும் வழக்கத்தில் உள்ள அளவு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, பிறகுதான் ஒன்றாக்குவார்கள். கூர்மையான இரும்பைக் கலவையில் முக்கி எடுக்கும்போது செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். துரு இலையின் அடிப்புறத்தில் பிடிப்பதால் கலவையைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். குடகில் ஜூன் மழைக்கு முன் அடிப்பது முதன்மை. இங்கே ஐப்பசி மழை நெருங்குமுன் ஆவணி, புரட்டாசியில் அடிக்கும் சுற்றுக்கே முக்கியத்துவம் அதிகம்.

தண்டுத்துளைப்பானுக்கு அப்படிப்பட்ட எளிய மருந்து கிடைக்கவில்லை. நடுத்தண்டின் பட்டையில் வளையம் வளையமாக மேடு தட்டினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். இலை மஞ்சளாகி வாடத் தொடங்குமுன் செடியைத் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். தாய் வண்டு பறக்கும் பருவம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது: கோடையில் ஒன்று, பறிப்பை ஒட்டி ஒன்று. அதற்கு முன் தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டால் முட்டையிட இடுக்கு இருக்காது. சுண்ணாம்புப் பால் பூசுவதும் அதற்காகத்தான். பத்து ஆண்டு வளர்த்த செடியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போடுவது சிறு விவசாயிக்கு எளிதல்ல. தயங்கியவர்கள் தோட்டத்தில் பாதியை இழந்தார்கள்.

வகைகளை மாற்றிப் பார்க்கும் முயற்சி அரசு நிலையங்களில் நடந்தது. மைசூர் அரசு 1925இல் பாலெஹொன்னூரில் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையம் நாட்டின் முதன்மை நிலையமானது. அங்கே உருவாகி 1940களில் வெளிவந்த எஸ்.795 என்ற அராபிகா வகை கீழ்ப்பழனியிலும் நிலைத்தது. 1980களில் காவேரி என்ற குட்டை வகை வந்தது. நெருக்கமாக நடலாம், விரைவில் காய்க்கும். காலப்போக்கில் துரு அதையும் பிடித்தது. 2007இல் சந்திரகிரி என்ற வகை வந்தது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. வடகிழக்கு மழை பெய்யும் மலைக்கு என்ன பொருந்தும் என்று பார்ப்பதற்கு உள்ளூரிலேயே ஆய்வு தேவைப்பட்டது. குடகின் நாள்காட்டியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

பறிப்பு ஐப்பசிக் கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, கார்த்திகை, மார்கழி, தையில் உச்சத்துக்கு வந்து, மாசி வரை நீளும். பூ பல தவணையாக எடுத்ததால் ஒரே செடிக்கு நான்கைந்து முறை போக வேண்டும். வேலையில் பெரும்பாலும் பெண்கள். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்துப் பிடித்து, சிவந்த பழத்தை மட்டும் விரலால் திருகி எடுப்பார்கள். காம்போடு பிய்த்தால் அந்தக் கணுவில் அடுத்த ஆண்டு பூ வராது. கிளையை அப்படியே உருவினால் பச்சையும் கலந்து, குடிக்கும்போது கசப்பாகத் தெரியும். மழை தூறும்போது பழத்தின் மேல் தண்ணீர் வழுக்கும். சேறான சரிவில் அட்டை கடிக்கும். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வேலை நடக்கும். கூலி பெரும்பாலும் எடைக்குத்தான். மழையால் வேலை நின்ற நாளுக்குக் கூலி இல்லை என்பதும், மழையால் பழம் வெடித்து உதிர்ந்தால் தோட்டக்காரருக்கு நட்டம் என்பதும் சேர்ந்து, மழையிலும் பறிப்பை நடத்த வைத்தன. கடைசிச் சுற்றில் ஒரு பழம்கூடச் செடியிலும் தரையிலும் விடாமல் எடுக்க வேண்டும். விட்டுப்போன பழத்தில் பெருகும் காய்த்துளைப்பான் வண்டு, 1990இல் கூடலூர்ப் பகுதியில் முதலில் காணப்பட்டு இந்தியாவில் பரவிய பிறகு இப்படி எடுப்பது கட்டாயமாகிவிட்டது.

பறிப்பின் மாதங்கள் சமவெளியில் நெற்பயிர் வளர்ந்து முற்றி அறுவடையாகும் மாதங்கள். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, பேரணையிலிருந்து கால்வாய் வாடிப்பட்டி வட்டத்து வயல்களை எட்டியபின், பாசனம் பெற்ற ஊர்களில் தை அறுவடைக்கே ஆள் வேண்டியிருந்தது. தண்ணீர் எட்டாத மேட்டு ஊர்களில், வானம் பார்த்த புஞ்சையை நம்பியவர்களுக்கு மலை வேலை ஒரு பிடிப்பாக இருந்தது. பருவத்துக்கு ஏறி, அங்கேயே தங்கி, பொங்கலுக்கு இறங்குவது வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தின் மறுபக்கம் கடன். 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவரைக் குற்றவாளியாக்கியது. அது நீக்கப்பட்டது 1920களில். வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் வந்தது. அதுவும் பெரிய தோட்டங்களுக்கு மட்டுமே. கீழ்ப்பழனியின் சிறு தோட்டங்களில் பருவத்துக்கு வந்தவர்கள் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள்.

பறித்த பழத்தை அன்று மாலையே தோலை உரிக்கும் பல்ப்பரில் போட வேண்டும். முதலில் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் சொத்தையும் பொக்கும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிடுவார்கள். சிறு தோட்டங்களில் பல்ப்பர் கையால் சுற்றுவது. தோல் கழன்ற கொட்டையின் மேல் வழவழப்பான பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை ஊறப்போட்டால் அது நொதித்துக் கரையும். மார்கழிக் குளிரில் இன்னும் நேரம் பிடிக்கும். கடிகாரம் பார்த்து இதைச் செய்ய முடியாது. குவியலுக்குள் கைவிட்டு அள்ளித் தேய்க்கும்போது வழுக்காமல் கூழாங்கல்போல் நறநறத்தால் பதம். சிறிது தாமதித்தாலும் புளிப்பு ஏறிவிடும். மூன்று நான்கு தண்ணீரில் கழுவியபின் களத்தில் பரப்புவார்கள்.

மழை முழு வேகத்தில் குறுக்கிடுவது இந்தக் கட்டத்தில்தான். வெயில் அடித்தால் ஏழு முதல் பத்து நாளில் காய வேண்டிய கொட்டை, கார்த்திகை மூட்டத்தில் பாதி ஈரத்தோடு கிடக்கும். தார்ப்பாயை இழுத்து மூடுவதும் திறப்பதுமாகப் பகல் கழியும். ஈரமாகக் குவித்து வைத்தால் பூசணம் பிடித்து வாடை ஏறும். இந்தத் தொல்லையையும் கழுவுவதற்கான தண்ணீர்ச் செலவையும் தவிர்க்க, பல சிறு விவசாயிகள் பழத்தைத் தோலோடு அப்படியே உலர்த்தினார்கள். செர்ரி என்று விற்கும் அதற்கு விலை குறைவு. பார்ச்மெண்ட் எனப்படும் கழுவி உலர்த்திய காப்பிக்கும் இதற்கும் இடையிலான விலை வேறுபாட்டைச் சிறு விவசாயிகள் ஆண்டுதோறும் இழந்துவந்தார்கள். திறமைக் குறைவால் நேர்ந்த இழப்பு அல்ல இது. பல்ப்பரும் தொட்டியும் சிமெண்டுக் களமும் கூரையும் வாங்க முதல் இல்லை, வானமும் ஒத்துழைக்கவில்லை. ஏறத்தாழ ஆறு கிலோ பழம் கடைசியில் ஒரு கிலோ கொட்டையாகச் சுருங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சாக்குச் சாக்காகச் சுமந்து இறக்கிய உழைப்பின் அளவு புரியும்.

மலையில் முழுதாக உலராததைச் சமவெளியில் உலர்த்தி முடிப்பதே வழி. தென்னிந்தியாவில் காப்பிப் பதனிடும் ஆலைகள் பல மலையில் அமையாமல் கீழே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கீழ்ப்பழனிக்கு அந்த இடம் அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி. அங்குள்ள வணிகக் குடும்பங்கள் மலையில் தோட்டம் வாங்கி, கீழே பதனிடும் ஆலை நடத்தி, காப்பியை அந்த ஊரின் தொழிலாக்கின. மூட்டைகள் கழுதை, மாட்டின் முதுகிலும் தலைச்சுமையாகவும் இறங்கின. ஆலையில் மேலோடு உடைத்து, மெருகேற்றி, சல்லடையில் அளவு பிரித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கறுத்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கினார்கள். ஒரே பழத்தில் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை தனியே பிரிந்து பீபெரி ஆனது. திருச்சி – மதுரை ரயில்பாதை 1875இல் திறந்தபின், வாடிப்பட்டியை ஒட்டியுள்ள அம்மையநாயக்கனூர் நிலையம் மலைக்கு வாசலாயிற்று. இன்றைய கொடை ரோடு அதுதான். கொடைக்கானலுக்குப் போகும் துரைமார் இறங்கிய அதே மேடையிலிருந்து மலைச்சரக்கு மதுரைக்கும் சென்னைக்கும் ஏறியது.

பட்டிவீரன்பட்டியின் காப்பிச் செல்வம் அரசியலிலும் பேசியது. 1893இல் அங்கே பிறந்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன் தோட்ட உரிமையாளர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்தில் காப்பிக் கடைகளில் சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் அந்தப் பாகுபாட்டை எதிர்த்தது சுயமரியாதை இயக்கம் என்பதையும் நினைத்தால், காப்பி விளைவித்த ஊரிலிருந்து அந்த மாநாட்டுக்குத் தலைவர் போனது பொருள் நிறைந்த நிகழ்ச்சி.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, காப்பி விற்க வழியின்றிக் குவிந்தது. 1940இல் அவசரச் சட்டமும் 1942இல் காப்பிச் சட்டமும் வந்தன. வீட்டுக்கும் விதைக்கும் தேவையானது போக விளைந்ததெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலுக்குப் போக வேண்டும். வாரியம் விற்று, தரத்துக்குரிய புள்ளிக் கணக்கில் தவணையாகப் பணம் கொடுக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் இது நீடித்தது. விலை வீழ்ச்சியிலிருந்து சிறு விவசாயியைக் காத்தது இந்த ஏற்பாடு. கடைசித் தவணைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்ததும் இதுவே. 1990களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996இல் விற்பனை முழுவதும் விடுவிக்கப்பட்டது. பிரேசிலில் 1994இல் விழுந்த உறைபனியால் விலை ஏறியிருந்த நேரம் அது. சில ஆண்டுகளிலேயே, 2001ஐ ஒட்டி, உலக விலை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. பழத்தைப் பறிக்கும் கூலிக்கே விலை கட்டாத ஆண்டுகள் வந்தன.

கீழ்ப்பழனி அந்த ஆண்டுகளைத் தாண்டியதில் கலப்புப் பயிருக்குப் பங்கு உண்டு. காப்பி விழுந்தபோது மிளகும் வாழையும் பலாவும் அவக்கோடாவும் தாங்கின. ஆனால் அந்தத் துணைப்பயிர்களும் அடிபட்டிருந்தன. ஒரு காலத்தில் காப்பிக்கு இடையே நிறைந்திருந்த கமலா ஆரஞ்சு நோயால் பெரிதும் அழிந்தது. சிறுமலையின் பெயரைச் சொன்ன மலைவாழையை 1970களில் முடிக்கொத்து நோய் துடைத்துப் போட்டது. அதன் பிறகு அங்கே எலுமிச்சை, மிளகோடு காப்பியும் இடத்தைப் பிடித்தது. சரக்கைக் குதிரைகளின் முதுகில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவரும் வழக்கம் சிறுமலையில் இன்றும் உண்டு. விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் இந்தியாவின் ஐந்து காப்பிகள் அந்தக் குறியீட்டைப் பெற்றபோது குடகும் வயநாடும் சிக்கமகளூரும் அரக்குவும் பாபா பூதன்கிரியும் இருந்தன. பழனி மலைக் காப்பி இல்லை. தனக்கென ஒரு மழையும் தனிப் பருவமும் உள்ள காப்பிக்கு அந்தத் தனித்தன்மை ஏட்டிலும் பதிவாக வேண்டும்.

பறிப்பு முடிந்த மாசியில் கவாத்து நடக்கும். காய்த்து ஓய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்தது, தண்டிலிருந்து நேரே மேலெழும் சிம்பு எல்லாம் நீக்கப்படும். உயரம் கைக்கெட்டும் அளவில் நிறுத்தப்படும். இடைவெளிகளில் நடப்போகும் நாற்றுக்கு அந்த ஆண்டுப் பழத்திலிருந்தே கொட்டை எடுத்து, சாம்பலில் புரட்டி, மார்கழி, தையில் பாத்தியில் ஊன்றியிருப்பார்கள். முளைக்க ஒன்றரை மாதம் ஆகும். பையில் வளர்ந்த நாற்று, சமவெளியில் சம்பா நடவு நடக்கும் புரட்டாசி வாக்கில் குழிக்குப் போகும். காய்க்க மூன்று நான்கு ஆண்டு. நன்றாகப் பராமரித்தால் ஐம்பது ஆண்டு நிற்கும்.

பருவங்கள் அண்மைக்காலத்தில் தடுமாறுகின்றன. பூமழை முந்துகிறது அல்லது தவறுகிறது. தையில் பெய்யும் எதிர்பாராத மழை, பறிப்பு முடியாத செடியிலேயே மொட்டை விழிக்க வைக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே போனபோது, பழம் எடுப்பின் தொடக்க வாரங்களில் மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. 2024, 2025இல் உலக விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. அந்த விலையின் பலன் பழுத்ததைப் பறிக்க ஆள் கிடைத்தவர்களுக்கும், பறித்ததை உலர்த்தக் கூரை இருந்தவர்களுக்குமே முழுதாகக் கிட்டியது. சமவெளி ஊர்களிலிருந்து முன்பு பருவத்துக்கு ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் இடத்தில் இப்போது பல தோட்டங்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் கார்த்திகை மழையில் கூடை கட்டுகிறார்கள்.